அளப்பவர் வேறு, அகற்றுபவர் வேறு

2011 ஜூலை 2, சனிக்கிழமை மாலை. கோபன்ஹேகன் நகரின் மீது இரண்டு மணி நேரம் கொட்டிய மழையில் சில இடங்களில் 15 சென்டிமீட்டர் வரை பதிவானது. 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையை வாங்கிய காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் டென்மார்க்கின் வானிலைத் துறை, அரை மணி நேரத்தில் 15 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதை மேகவெடிப்பு என்று வகைப்படுத்துகிறது. தூறலுக்குப் பழகிய நகரம் அது. நெடுஞ்சாலைகள் மூழ்கின. நாட்டின் முதன்மை மருத்துவமனையான ரிக்ஸ் மருத்துவமனை, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருக்குமோ என்று யோசிக்கும் நிலைக்கு வந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கு 90,000க்கும் மேற்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்தன. இழப்பு ஏறத்தாழ 600 கோடி குரோனர்.

இவ்வளவு சேதத்துக்கு மழையின் அளவு மட்டும் காரணமல்ல. கோபன்ஹேகனின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. குழாய் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து ஏறி, வீடுகளின் நிலவறைத் தரையில் இருக்கும் வடிகால் துளை வழியே பொங்கி வரும். அங்குள்ள பழைய செங்கல் வீடுகளில் நிலவறை இல்லாதது அரிது. நிலக்கரி கொட்டிவைக்கவும், உருளைக்கிழங்கு சேமிக்கவும், துணி துவைக்கவும் கட்டிய இடம் அது. பிற்காலத்தில் சுவரில் ஜிப்சம் பலகை அடித்து, மரத்தரை போட்டு, பிள்ளைகளுக்குப் படுக்கையறை ஆக்கினார்கள். அந்தப் படுக்கையறைக்குள்தான் சாக்கடை வந்தது.

வந்தது சாக்கடை என்பதைப் பலர் உணரவில்லை. மழைநீர்தானே என்று இறங்கி வெறுங்கையால் அள்ளினார்கள். நம் ஊரில் எலிக் காய்ச்சல் என்று சொல்லும் நோய் வந்து ஒருவர் இறந்தார். வெள்ளநீரில் இறங்கி வேலை பார்த்த 257 பேரிடம் பின்னர் நடத்திய ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கும் மேல் உடல்நலம் கெட்டிருந்தது தெரிந்தது. இவர்கள் தொழிலாகவே அந்த வேலையைச் செய்தவர்கள். அவர்களுக்கே அந்த நிலை.

நகராட்சி தன் பங்கைச் செய்யத் தொடங்கியது. 2012இல் மேகவெடிப்புத் திட்டம் வகுத்தார்கள். எங்கவே பூங்காவைத் தோண்டி, இரண்டு கோடி லிட்டருக்கு மேல் மழைநீர் தேங்கும்படி மாற்றி 2019இல் திறந்தார்கள். சதுக்கங்களில் தார் பெயர்த்து மண்ணும் மரமும் வைத்தார்கள். தெருவுக்கு இவ்வளவு நடந்தது. வாசலுக்கு உள்ளே, நனைந்த சுவரின் முன்னால் நிற்கும் வீட்டுக்காரருக்கு என்ன வழி? யாரைக் கூப்பிடுவது, வருபவரின் வார்த்தையை எந்த அளவுக்கு நம்புவது? இந்தக் கேள்விக்கு டென்மார்க் இன்னும் சரியான பதில் தரவில்லை என்பதே என் கருத்து.

டென்மார்க்கில் மின்கம்பி இழுக்க அங்கீகாரம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். குழாய் வேலைக்கும் அப்படித்தான். ஆனால் நனைந்த சுவரில் படரும் பூஞ்சணத்தை அகற்றுவதற்கு அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. ஒரு வேன், நான்கு ஈரமுறிஞ்சும் இயந்திரங்கள், ஒரு கைபேசி எண் இருந்தால் எவரும் பூஞ்சண நிபுணர் ஆகிவிடலாம். நல்ல நிறுவனங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றையும் மற்றவற்றையும் பிரித்துக் காட்டச் சட்டம் எதையும் செய்யவில்லை என்பதுதான் குறை.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதற்கு ஒரு தெளிவான வழி கண்டன. டெக்சஸ் மாநிலம் 2003இல் சட்டம் இயற்றி, பூஞ்சணத்தை ஆய்வு செய்பவருக்கு ஓர் உரிமம், அகற்றுபவருக்கு வேறோர் உரிமம் என்று பிரித்தது. ஒரே வீட்டில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் 2016 ஜனவரி முதல் இதே விதி. ஃப்ளோரிடாவிலும் இப்படி ஒரு தடை இருக்கிறது. காரணம் எளிது. சுவரைப் பார்த்து "முழுவதையும் பெயர்க்க வேண்டும்" என்று சொல்பவருக்கே அதைப் பெயர்க்கும் கூலியும் போகிறது என்றால், அவருடைய கண்ணுக்குப் பூஞ்சணம் பெரிதாகத்தான் தெரியும். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நேர்மையானவரையும் அந்த ஏற்பாடு ஒரு பக்கமாகச் சாய்க்கும்.

டென்மார்க்கில் இந்தச் சாய்வு எதிர்த்திசையிலும் நடக்கிறது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் காப்பீடு உண்டு. தண்ணீர் வந்ததும் வீட்டுக்காரர் முதலில் காப்பீட்டு நிறுவனத்தை அழைப்பார். அவர்கள் தங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் சேத நிவாரண நிறுவனத்தை அனுப்புவார்கள். அவசர நேரத்தில் இது பெரிய உதவி. ஆனால் அந்த நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டும் வேலை தரப்போவது நீங்கள் அல்ல, காப்பீட்டு நிறுவனம். செலவைக் குறைத்துக் காட்டினால் அங்கே நற்பெயர். நீங்களே பிடித்து வந்த ஆளுக்குச் சேதத்தைக் கூட்டிக் காட்ட ஆசை வரலாம். காப்பீடு அனுப்பிய ஆளுக்குக் குறைத்துக் காட்ட ஆசை வரலாம். இரண்டு பக்கமும் சாராத ஒருவர் அளந்து எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தால் இருவருமே ஒழுங்காக நடப்பார்கள். நிறுவனம் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: முதலில் அளப்பவரைத் தேடுங்கள், பிறகு அகற்றுபவரை.

அளக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குள் வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. வந்தவுடன் பெட்டியைத் திறக்க மாட்டார். உட்கார்ந்து கேட்பார். தண்ணீர் எந்த நாளில் வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, வீடு எந்த ஆண்டில் கட்டியது, கூரையை யார் எப்போது மாற்றினார்கள், யாருக்கு இருமல், எந்த அறையில் படுத்தால் அது கூடுகிறது. பிறகு இரண்டு ஊசிமுனை வைத்த ஈரமானியை எடுத்து, சுவரடிப் பலகையில் தரைக்கு ஓர் அங்குலம் மேலே குத்துவார். ஒரு முழம் மேலே மறுபடியும். எண் மேலே போகப் போகக் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பார். கீழே அதிகமும் மேலே குறைவும் என்றால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. தலைகீழாக இருந்தால் கூரையிலோ, சன்னல் விளிம்பிலோ தேட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியை நகர்த்தச் சொல்வார். ஜிப்சம் பலகை இருந்தால் அனுமதி கேட்டு, உள்ளங்கை அகலத்துக்கு அறுத்தெடுத்து, அதன் பின்புறத்தை விளக்கு வைத்துப் பார்ப்பார். முன்புறம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் பலகையின் பின்புறத்தில் கரும்புள்ளிகள் படர்ந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

சுவரைத் திறக்காமலேயே அறிக்கை எழுதுபவரை நான் நம்ப மாட்டேன்.

சந்தேகமான இடத்தில் ஒட்டுப்பட்டையால் அச்செடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்புவது ஒரு வழி. டென்மார்க்கிலேயே பிறந்த இன்னொரு வழியும் உண்டு: மைக்கோமீட்டர் சோதனை. பூஞ்சைகளில் இருக்கும் ஒரு நொதியின் அளவைப் பார்த்து, அந்த இடத்தில் எவ்வளவு பூஞ்சை இருக்கிறது என்று கணிக்கும் முறை அது. ஒன்பது சதுர சென்டிமீட்டர் பரப்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தால் போதும். மதிப்பு 25க்குள் இருந்தால் இயல்பு. 25இலிருந்து 450 வரை இருந்தால் வழக்கத்தை விடக் கூடுதல். தூசியாலும் அப்படி வரலாம். 450ஐத் தாண்டினால் அங்கே பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது. வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எடுத்தால் அகற்றியது உண்மையா என்பதற்குச் சாட்சி கிடைக்கும். இப்படி முன்னும் பின்னும் அளந்து காட்டச் சம்மதிக்கிறீர்களா என்று நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். தயங்குகிறவரை விட்டுவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அறையின் நடுவில் ஒரு கருவியை வைத்து, ஐந்து நிமிடம் காற்றை இழுத்து, "உங்கள் வீட்டில் ஒரு கன மீட்டருக்கு இத்தனை வித்துகள், அபாய எல்லையைத் தாண்டிவிட்டது" என்று பயமுறுத்துபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளைக்குக் கோபன்ஹேகன்தான் தலைமையகம். அந்தக் கிளை 2009இல் வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றி விரிவான வழிகாட்டி வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழாய்க் கோளாறுகளும் கூடுதல் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்றது. அதே நேரம், இத்தனை வித்து வரை பாதுகாப்பு, அதற்கு மேல் ஆபத்து என்று ஓர் எல்லை வகுக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது. அதனால் எண்ணைத் துரத்தாதீர்கள், ஈரத்தை நிறுத்துங்கள் என்பதே அதன் அறிவுரை. அபாய எல்லை என்ற சொல்லோடு விலைப்பட்டியலை நீட்டுபவருக்கு இந்த வழிகாட்டி தெரியாது. அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

மருந்து தெளிப்பவர்கள் அடுத்த வகை. டென்மார்க் வீடுகளில் ரோடலோன் என்ற கிருமிநாசினிப் புட்டி எப்போதும் இருக்கும். அதைத் தெளித்தால் கறை வெளிறும், மணம் போகும். புகை போட்டு முழு வீட்டையும் சுத்திகரிக்கிறேன் என்று வருபவர்கள் விற்பதும் ஏறக்குறைய அதைத்தான். செத்த பூஞ்சையின் துகளும் ஒவ்வாமை உள்ளவரின் மூச்சைத் திணற வைக்கும். உடம்பு துன்பப்படுவது அது உயிரோடு இருப்பதால் மட்டும் அல்ல. ஆகவே கொன்றால் போதாது, எடுத்து வெளியே போட வேண்டும். ஜிப்சம், நார்ப்பலகை, கம்பளம் என்றால் வெட்டி எறிய வேண்டும். அறையை நெகிழித் திரையால் மூடி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, தூசி அடுத்த அறைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு செய்யும் வேலை இது. டென்மார்க்கின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், இப்போது ஓல்போர்க் பல்கலைக்கழகத்தின் பகுதி, 2003லேயே ஆய்வுக்கு ஒன்றும் அகற்றுவதற்கு ஒன்றுமாக இரண்டு கையேடுகள் வெளியிட்டது. அளப்பது வேறு, அகற்றுவது வேறு என்ற எண்ணம் அந்த நாட்டின் கட்டட அறிஞர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. சட்டம் எழுதுபவர்கள்தான் அதைப் பின்தொடரவில்லை.

ஜிப்சம் பலகையைக் காயவைத்து, மேலே வர்ணம் அடித்துத் தருகிறேன் என்பவருக்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிர்கிட்டே ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து கடைகளில் புத்தம் புதிய ஜிப்சம் பலகைகள் பதின்மூன்றை வாங்கி, மேற்பரப்பைக் கிருமி நீக்கம் செய்து, சுத்தமான நீரில் நனைத்து மூடி வைத்தார்கள். பதின்மூன்றிலும் பூஞ்சை முளைத்தது. சிலவற்றில் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சணமும் இருந்தது. அது வெளியிலிருந்து வரவில்லை. பலகையின் அட்டைத்தாளுக்குள்ளேயே ஆலையிலிருந்து உறங்கிக்கொண்டு வந்திருக்கிறது, நனைந்ததும் விழித்துக்கொண்டது. நனைந்த ஜிப்சத்தை ஏன் காப்பாற்றப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதை விடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் எதைச் செய்தாலும் பயனில்லை என்பதை அந்த நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2010க்குப் பிறகு சில ஆண்டுகள், புதிய கட்டடங்களிலும் புதுப்பித்த கட்டடங்களிலும் காற்றுத் தடுப்புக்கு மெக்னீசியப் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். பூஞ்சணம் பிடிக்காது, தீப்பிடிக்காது என்பது விளம்பரம். ஈரமான குளிர்காலக் காற்றிலிருந்தே அந்தப் பலகைகள் தண்ணீரை இழுத்து, உப்புநீராகச் சொட்டின. ஆணிகள் துருப்பிடித்தன, பின்னால் இருந்த மரச்சட்டங்களில் பூஞ்சணம் படர்ந்தது. ஆயிரக்கணக்கான குடியிருப்புகளில் சுவரைப் பெயர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. அப்படி ஒரு வீட்டில் உள்பக்கச் சுவரை மட்டும் துடைத்துவிட்டுப் போனவரின் வேலை எத்தனை மாதம் நின்றிருக்கும்?

தண்ணீரின் மூலம் எது என்பதற்குப் பணக் கோணமும் இருக்கிறது. டென்மார்க்கில் மேகவெடிப்பால் வந்த தண்ணீருக்கு வீட்டுக் காப்பீடு பணம் தரும். கடல் பொங்கி வந்த தண்ணீருக்குத் தராது. அதற்குத் தனியாக ஓர் அரசு அவை உண்டு. புயல் அவை என்று இருந்தது, இப்போது இயற்கைச் சேத அவை. நாட்டில் தீக்காப்பீடு எடுத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் செலுத்தும் சிறு கட்டணத்திலிருந்து அந்த நிதி திரள்கிறது. 2013 டிசம்பரில் போடில் புயலின்போது ரோஸ்கில்டே கழிமுகக் கரையில் வீடுகள் மூழ்கின. 2023 அக்டோபர் 20, 21 தேதிகளில் ஓபன்ரோ, ஹேடர்ஸ்லேவ், சோண்டர்போர்க் போன்ற தென்கரை ஊர்களுக்குள் பால்டிக் கடல் புகுந்தது. இரண்டிலும் மக்கள் அந்த அவையிடம்தான் போக வேண்டியிருந்தது. தரை நனைந்தது ஒன்றுதான், பணப்பை இரண்டு. நிலத்தடி நீர் மெல்லக் கசிந்து ஏறியது என்று எழுதிவிட்டால் இரண்டு பையும் மூடிக்கொள்ளக்கூடும். முதலில் வந்து பார்த்தவர் எழுதும் நான்கு வரிதான் இதைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்த நான்கு வரியை எழுதுபவர் யாருடைய ஆள் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டென்மார்க்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1980களின் இறுதியில் அவர்களுடைய குடும்பத்தினர் வருவதைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்துவைத்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் ஓர் அரசாங்கமே பதவி விலகியது. யூலாந்துப் பகுதியில் ஹேர்னிங், பிராண்டே, ஹோல்ஸ்டெப்ரோ என்று சிற்றூர்களில் பரவி, தொழிற்சாலைகளில் உழைத்து வீடு வாங்கினார்கள்.

இந்த வீடுகளில் வடக்குப் பக்க வெளிச்சுவரை ஒட்டி, பட்டுச்சேலைகள் அடுக்கிய பெரிய அலமாரி நிற்கும். குளிருக்குப் பயந்து சன்னல் திறப்பதில்லை. இடியாப்பம் அவிக்கும் ஆவி, சோறு வடிக்கும் ஆவி, உள்ளே கொடிகட்டி உலர்த்தும் துணியின் ஈரம் எல்லாம் வீட்டின் மிகக் குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய் அங்கே நீராகும். அது அலமாரியின் பின்சுவர்தான். நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து பத்து நிமிடம் சன்னல்களை அகலத் திறந்து வைக்கச் சொல்லி டேனிஷ்காரர்கள் ஓயாமல் அறிவுறுத்துவது நியாயமான யோசனை. அலமாரியைச் சுவரிலிருந்து நாலைந்து விரல் தள்ளி வையுங்கள். ஆனால் அதையே சாக்காக வைத்து, "உங்கள் சமையல்தான் காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகும் வீட்டுச் சொந்தக்காரர்களும் பரிசோதகர்களும் இருக்கிறார்கள். இது என்னைக் கோபப்படுத்துகிறது. சமையல் ஆவியால் வந்த பூஞ்சணம் சுவரின் மேல்தோலில், குளிர்ந்த மூலைகளில் இருக்கும். சுவருக்கு உள்ளே ஈரமானி எண் உயர்ந்து நின்றால் அதற்குத் தரையோ, கூரையோ, குழாயோ, வெளிச்சுவர் விரிசலோதான் காரணம். இந்த வேறுபாட்டை அளந்து எழுதச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அந்தத் தாளோடு வாடகைத் தகராறுகளுக்கான வாரியத்துக்குப் போகலாம். உடல்நலத்துக்கு ஆபத்தான வீடு என்று நகராட்சியிடம் முறையிடலாம். குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது.

முதல் தலைமுறைக்கு டேனிஷ் மொழியில் எழுதிய ஒப்பந்தம் இன்றும் கடினம். பேச்சு மொழி வந்துவிட்டது. சட்ட மொழி வரவில்லை. வீட்டில் படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, பொறுங்கோ, இதில இப்பவே கையெழுத்துப் போடாதைங்கோ" என்று சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளம் வடிந்த மறுநாள் நீட்டப்படும் தாள்களில் மிக ஆபத்தானது, காப்பீட்டுப் பணத்தை நேரே நிறுவனத்துக்கே கொடுக்கச் சம்மதிக்கிறேன் என்று உங்கள் உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளும் தாள். "நீங்கள் அலைய வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று இனிமையாகச் சொல்வார்கள். கையெழுத்திட்ட பிறகு வேலையில் குறை இருந்தாலும் பணத்தைப் பிடித்துவைக்க உங்களால் முடியாது. ஃப்ளோரிடாவில் இந்த வழக்கம் பெருகி வழக்குகள் குவிந்ததால், 2023 முதல் வழங்கும் வீட்டுக் காப்பீடுகளில் இப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பதையே சட்டம் தடை செய்துவிட்டது.

இயந்திர வாடகையும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஈரமுறிஞ்சும் இயந்திரத்துக்கு நாள் கணக்கில் வாடகை. நனைந்த செங்கல் சுவரும் கான்கிரீட் தரையும் உலர வாரக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. ஆனால் உலர்ந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? வாரம் ஒரு முறையாவது ஆள் வந்து, அதே இடங்களில் அளந்து, எண்களைத் தேதியோடு குறித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எந்த எண்ணுக்கு இறங்கினால் இயந்திரத்தை எடுப்பார்கள் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். மின்சாரம் உங்களுடையது. இயந்திரத்தை வைத்த நாளிலும் எடுத்த நாளிலும் மின்மானியைப் படம் பிடித்துவைத்தால், அந்தச் செலவைக் காப்பீட்டிடம் கேட்கலாம்.

நட்சத்திரங்களை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உலகம் முழுவதும் கடைகளுக்கு நட்சத்திரம் போடும் டிரஸ்ட்பைலட் தளமே 2007இல் டென்மார்க்கில் தொடங்கியதுதான். ஆள் நேரத்துக்கு வந்தாரா, மரியாதையாகப் பேசினாரா என்பதற்கு அந்த நட்சத்திரங்கள் சான்று. பூஞ்சணம் திரும்பி வந்ததா என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரியும். அப்போது யாரும் போய் எழுதுவதில்லை. அதை விட அரசின் நிறுவனப் பதிவேட்டைப் பார்ப்பது மேல். டென்மார்க்கில் எந்த நிறுவனத்தின் பதிவு எண்ணையும் இலவசமாகத் தேடி, எந்த ஆண்டு தொடங்கியது, நடத்துபவர் யார் என்று பார்க்கலாம். போன வெள்ளத்துக்குப் பின் முளைத்த நிறுவனமா, அதற்கு முன்பே இருந்ததா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடுகளுக்குள் நின்ற தண்ணீர் வடிந்ததும் என்ன செய்தோம்? பிளீச்சிங் பவுடர் தூவிக் கழுவினோம். பொங்கலுக்கு முன்னால் பெயின்டரைக் கூப்பிட்டோம். ஓதம் ஏறிய சுவரில் புட்டி பூசி, பளபளக்கும் எமல்ஷன் அடித்து மூடினோம். அடுத்த ஐப்பசியில் அதே உயரத்தில் காரை பொரிந்து, உப்புப் பூத்து நின்றது. நெகிழி கலந்த வர்ணம் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. பழைய சுண்ணாம்புக் காரை விடும். டென்மார்க்கிலும் பழைய நிலவறைச் சுவர்களுக்குச் சுண்ணாம்போ சிலிகேட் வர்ணமோ அடியுங்கள், ஜிப்சம் பலகையால் மூடாதீர்கள் என்றுதான் கட்டட அறிஞர்கள் சொல்கிறார்கள். காரைக்குடிக் கொத்தனார்களுக்குத் தெரிந்த விஷயம் அது.

நம்மிடம் பூஞ்சண நிறுவனங்கள் இப்போதுதான் பெருகுகின்றன. விளம்பரத்தில் வருவது நீர்க்கசிவுத் தடுப்பு, பத்து ஆண்டு உத்தரவாதம். இங்கும் ஆய்வு இலவசம் என்பார்கள், ஆய்வு செய்பவரே வேலையையும் எடுப்பார். அந்த இலவச ஆய்வுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். வேலை எடுக்காத ஒரு கட்டடப் பொறியாளருக்கு ஒரு நாள் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டில் இந்தப் பிரிப்பு நமக்குப் புதிதல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற சர்வேயர் இழப்பை மதிப்பிடுவார், பழுது பார்ப்பவர் வேறு ஆள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்தில் வெள்ளச் சேதமும் சேர்ந்தே வருகிறது. வீட்டுக்கடனோடு வங்கி எடுத்துக் கொடுத்த காப்பீடு பெட்டிக்குள் கிடக்கும். அதில் இது இருக்கிறதா என்று இந்த மழைக்காலத்துக்கு முன் எடுத்துப் பாருங்கள்.

டென்மார்க் நாடாளுமன்றம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பூஞ்சண ஆய்வுக்கும் அகற்றலுக்கும் தனித்தனி உரிமம், ஒரே வீட்டில் இரண்டையும் ஒருவர் செய்யத் தடை, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ஆளுக்கும் அதே விதி. டெக்சஸ் இருபது ஆண்டுக்கு மேலாக இதை நடத்திக் காட்டியிருக்கிறது. குளிர்காலத்தின் பெரும்பகுதியை மூடிய சன்னலுக்குள் கழிக்கும் நாட்டில், அந்தக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்காகவாவது இது இத்தனை தாமதமாகியிருக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை வீட்டுக்காரரிடம் இருக்கும் பிடி ஒன்றுதான்: கடைசித் தவணை. மொத்தத் தொகையில் ஒரு நல்ல பங்கை வேலை முடிந்ததும் கொடுக்காமல், ஈரமானி எண்ணும் பூஞ்சணச் சோதனையும் சரியாக வந்த பிறகு கொடுப்பேன் என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தச் சோதனையை எடுப்பவர், முதல் நாள் வந்து அளந்த அதே ஆளாக இருக்கட்டும். புதுச்சுவர் எழுப்பி வர்ணம் அடிப்பதற்கு முன்பே, மரச்சட்டங்கள் கண்ணுக்குத் தெரியும்போதே அவர் வர வேண்டும்.